காவிரியில் மீண்டும் கெண்டை

எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தியதும், என் மகள் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து நகங்களைப் பார்ப்பாள். "இன்னிக்கு நீலம்!" என்பாள். இல்லாவிட்டால் "இன்னிக்கு மெரூன்!" என்பாள். மறுநாள் காலையில் நான் ஆற்றுக்குத் துணி எடுத்துப் போகும்போது அவளும் கூடவே வருவாள். சாக்கடை வந்து விழுகிற இடத்தில் தண்ணீரும் அதே நீலம், அதே மெரூன். "பாத்தியாம்மா, நான் சொன்னது சரிதானே?" என்று கை தட்டுவாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் இருப்பது பள்ளிபாளையம். இப்போது நாமக்கல் மாவட்டம். 1997-க்கு முன்பு சேலம் மாவட்டம். ஆற்றுக்கு அக்கரையில் ஈரோடு. இக்கரை அக்கரை இரண்டுமே நூலையும் துணியையும் நம்பிப் பிழைக்கிற ஊர்கள். விடிந்தால் விசைத்தறிச் சத்தம், அடைந்தாலும் விசைத்தறிச் சத்தம். தறி இருந்தால் சாயப்பட்டறையும் இருக்கத்தானே செய்யும்? என் கணவர் பதினைந்து வருஷமாக ஒரு சின்னச் சாயப்பட்டறையில் கூலிக்கு இருந்தார். அந்தக் கூலியில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ செய்த பாவத்தை நான் எங்கேயோ தள்ளி நின்று பார்த்ததாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது, பாருங்கள்.

நாம் கடைக்குப் போனால், "சாயம் போகுமா?" என்றுதானே முதலில் கேட்கிறோம்? சாயம் போகாத துணி வேண்டுமென்றால் நூலைச் சாயத் தண்ணீரில் உப்பும் காரமும் போட்டு ஊற வைக்க வேண்டும். நூலை வெளுப்பதற்குப் பிளீச்சிங் வேண்டும். அப்புறம் தொட்டி தொட்டியாக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். போட்ட சாயத்தில் ஒரு பங்கு நூலில் ஒட்டுவதே இல்லை. அந்தப் பங்கும், போட்ட உப்பும், காரமும் அலசின தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அதைச் சுத்தம் செய்யாமல் வெளியே விடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மழை பெய்கிற சாமத்தில், மதகைத் திறப்பவரை யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்தச் சித்திரை மாதம்

2019-ஆம் வருஷம் சித்திரை. மேட்டூரிலிருந்து குடிதண்ணீருக்காக விடுகிற கொஞ்சம் தண்ணீர்தான் ஆற்றில் இருந்தது. எங்கள் பக்கம் மின்சாரத்துக்காகக் கதவணைகள் வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். கோடையில் அவற்றின் முதுகில் தண்ணீர் ஓடாமல் குளம் போல நிற்கும். ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, ஒரு பக்கம் பச்சைப் பாசி.

அன்று விடியற்காலை குடத்தோடு போனேன். படித்துறையில் ஒரே கூட்டம். தண்ணீர் மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது. பூ என்று நினைத்தேன். கிட்டப் போனால் கெண்டை! வயிறு மேலாக, விரல் நீளக் குஞ்சிலிருந்து முழங்கை நீளம் வரை. உயிர் போகாதவை தண்ணீருக்கு மேலே வாயை வைத்து 'பக் பக்' என்று காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. பிரசவ அறையில் மூச்சுக்குத் திணறுகிற குழந்தையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கூடையோடு இறங்கி அள்ளிக்கொண்டிருந்தார்கள் சிலர். ஏழு மணிக்கெல்லாம் அந்த மீன் தெருவுக்கு வந்துவிட்டது. கூறு முப்பது ரூபாய்! நானும் வாங்கினேன். ஆமாம், கண்ணால் பார்த்துவிட்டு வந்த நானேதான் வாங்கினேன். மாசக் கடைசி, பிள்ளை மீன் கேட்டு ஒரு வாரமாயிற்று. "இப்பத்தானே செத்தது, என்ன ஆகிவிடப் போகிறது" என்று மனசு சமாதானம் சொன்னது.

அலசிப் போசியில் போடும்போது அத்தை வந்து பார்த்தார். ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கினார். உள்ளே சிவப்பாக இல்லை. வெந்தது போல வெளுத்திருந்தது.

"ஏனம்மிணி, இது வலையில் செத்த மீனா?"

"இல்லைங்க அத்தை... ஆத்துல மெதந்துச்சுங்க."

"தானாச் செத்ததை நாயிக்குக்கூடப் போடக் கூடாது கண்ணு. கொண்டு போய்க் குழி தோண்டிப் பொதைச்சிரு. பூனை தோண்டாத ஆழத்துல."

புதைத்துவிட்டு வந்தேன். இவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்தவர். மீனைப் பற்றிச் சொன்னேன். நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி பிளீச்சிங் தொட்டியைக் கழுவி விட்டாங்க. நாந்தான் மதகைத் தூக்கினேன்" என்றார். அவ்வளவுதான். அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

இவர் திறந்த ஒரு தொட்டியால்தான் அத்தனையும் செத்ததா? தெரியாது. அந்தச் சாக்கடையில் எத்தனையோ பட்டறைத் தண்ணீர் கலக்கிறது. ஆனால் மதகைத் தூக்கினவர் கைக்கு அந்தக் கணக்கெல்லாம் ஆறுதலாகுமா?

மீன் ஏன் சாகிறது?

என் தம்பி பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார். அவன் வந்தபோது கேட்டேன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

நாம் காற்றில் மூச்சு விடுவது போல மீன் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் செவுளால் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைகிற பிராணவாயு குறையும். அதனால் கோடையில் மீனுக்கு ஏற்கனவே மூச்சு முட்டும். சாயம் கலந்தால் வெயில் உள்ளே இறங்காது. தண்ணீருக்கடியில் இருக்கும் பச்சை, பிராணவாயுவை உண்டாக்க முடியாது. நகரத்துச் சாக்கடையும், நம்மூர் ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கு மாவு அலசின தண்ணீரும் கலந்தால், அந்தக் கழிவைத் தின்கிற நுண்கிருமிகள் மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் உறிஞ்சிவிடும். இதற்கு மேல் பிளீச்சிங் வந்தால் செவுளையே வேக வைத்துவிடும். அத்தை பார்த்த வெளுப்பு அதுதான் போலிருக்கிறது.

"அக்கா, இன்னொண்ணு தெரிஞ்சுக்கோ" என்றான். "விரால், தேளி, பனையேறிக் கெண்டை இதெல்லாம் தண்ணிக்கு மேலே வந்து காத்தை நேரா மூச்சுக்கு எடுத்துக்கும். அதனால சாக்கடையிலயும் பிழைக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தின்னு ஒண்ணு இருக்கே, வளர்க்கவே தடை பண்ணியிருக்காங்களே, அதுக்கும் அப்படித்தான். அதுக துள்ளுறதைப் பார்த்து ஆறு நல்லாயிடுச்சுன்னு நம்பிடாதே. கெண்டையும் அயிரையும் வந்தாத்தான் ஆறு பிழைச்சுதுன்னு அர்த்தம்."

இந்தப் பேச்சு என் மனசில் தங்கிவிட்டது.

அந்தக் கோடையில் அதிகாரிகள் வந்தார்கள். அனுமதி இல்லாத சில பட்டறைகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள், சிலவற்றை இடித்தார்கள். ஆடியில் புதுத் தண்ணீர் வந்து ஆற்றைக் கழுவியது. கொஞ்சம் குஞ்சுகள் தென்பட்டன. ஐப்பசியில் மறுபடி சாயம். குஞ்சுகள் போயின. புண் ஆறும் முன்பே அதே இடத்தில் மறுபடி அடி பட்டால் எப்போது ஆறும்?

பட்டறை நின்றது, ஆறு பிழைத்தது

2020-ஆம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்தது. தறிகள் நின்றன. பட்டறைகள் எல்லாமே நின்றன. எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

எங்கள் வீடு ஆற்றோரம் என்பதால் விடியுமுன் ஒரு நடை போய்த் துணி அலசி வருவேன். அப்போது பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

பத்துப் பதினைந்து நாளில் சாக்கடை வாயில் நிறம் போயிற்று. வெறும் சாக்கடைத் தண்ணீர்தான் வந்தது. சித்திரையில் துவைக்கிற கல் மேல் மெல்லிசாகப் பச்சைப் பாசி படிந்தது. வழுக்குகிறதே என்று முதலில் திட்டினேன். அப்புறம் அந்தப் பாசியில் நத்தைகள் மேய்ந்தன. வைகாசியில் தட்டான்கள். தட்டான் முட்டையிடுவது தண்ணீரில்தான், அதன் குஞ்சு வளர்வதும் தண்ணீருக்குள்தான் என்று தம்பி போனில் சொன்னான். அப்படியானால் அடியில் ஏதோ நல்லது நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஒரு நாள் தண்ணீரில் காலை வைத்து நின்றபோது குதிகாலில் சின்னதாகக் 'கிச்சுக் கிச்சு'. குனிந்து பார்த்தால் ஊசி ஊசியாய் மீன் குஞ்சுகள் என் பித்தவெடிப்பைக் கடித்துக்கொண்டிருந்தன! தனியாக நின்று சிரித்தேன் என்றால் பாருங்களேன்.

அந்த வருஷம் பல வருஷங்களுக்குப் பிறகு வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்தார்கள். பெருக்கு வந்தது. மீன்கொத்தி வந்தது. கதவணைத் தூண்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்தன. அந்த ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறு முழு ஊரடங்கு. முளைப்பாரியும் இல்லை, கூட்டமும் இல்லை. பெருக்கு நாளில் காவிரித் தாய் மனுஷர் தொந்தரவு இல்லாமல் தன்பாட்டில் போனாள்.

புரட்டாசியில் பரிசல்காரத் தாத்தா வலையை உதறிக் காட்டினார். கெண்டை! கூடவே ஒரு பிடி அயிரை. "அம்மிணி, மணல்ல நீர்நாய்த் தடம் கெடக்குது. பக்கத்துல எச்சம், பூராவும் மீன் செதிலு. இனி வலையைக் கிழிக்கும்" என்று திட்டினார். திட்டும்போதே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. மீன் இல்லாத ஆற்றுக்கு நீர்நாய் வராது என்பது அவருக்குத் தெரியாதா?

சரி, அத்தனை மீனும் செத்த இடத்தில் இவை எங்கேயிருந்து வந்தன? தம்பி சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆறு என்பது ஒரே இடம் இல்லை. மேலே, பக்க ஓடைகளில், வாய்க்கால்களில், பவானி ஆற்றில் என்று நல்ல தண்ணீர் இருக்கும் மூலைகளில் கொஞ்சம் உயிர்கள் தப்பியிருக்கும். பெருக்கு வரும்போது அவை கீழே இறங்கி, வெறுமையான இடத்தில் குடியேறும். பிள்ளை பெற்று உடம்பு தேற நாம் பிறந்த வீட்டுக்குப் போவதில்லையா? மீனுக்கும் அப்படி ஒரு பிறந்த வீடு வேண்டும். அந்தப் பிறந்த வீட்டையும் கெடுத்துவிட்டால் திரும்பி வருவதற்கு ஒன்றும் இருக்காது. மேட்டூருக்கு மேலே கிருஷ்ணகிரி, தர்மபுரிக் காடுகளில் காவிரி ஓடும் பகுதியை 2022 நவம்பரில் 'காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம்' என்று அரசாங்கம் அறிவித்தது. நீர்நாய், முதலை, ஆற்று ஆமை எல்லாம் அங்கே இருக்கின்றன. செய்தியைப் படித்ததும், ஆற்றின் பிறந்த வீட்டுக்குப் பூட்டும் சாவியும் போட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் அடுப்பு

இதுவரை படித்தவர்கள் "எவ்வளவு சந்தோஷம்!" என்று நினைத்திருப்பீர்கள். வீட்டுக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும் அல்லவா?

ஆற்றில் குஞ்சு பொரித்த அதே வைகாசியில் என் தோடு அடகுக்குப் போயிற்று. ரேஷன் அரிசியும், அரசாங்கம் கொடுத்த ஆயிரம் ரூபாயும் எத்தனை நாளைக்கு? இவர் நகங்கள் முதல் தடவையாக வெள்ளையாயின. மகள் கையைப் பிடித்துப் பார்த்து, "அப்பா, நிறமே இல்லை" என்றாள். இவர் கையை இழுத்துக்கொண்டார்.

நான் ஆற்றிலிருந்து வந்து மீன் குஞ்சைப் பற்றிச் சொன்னபோது ஒரு நாள் வெடித்துவிட்டார். "ஆத்துக்கு மீனு வேணும். செரி. நமக்குச் சோறு வேண்டாமா? பட்டறை தொறக்கட்டும்னு நான் வேண்டிக்கறேன், தொறக்கக் கூடாதுன்னு நீ வேண்டிக்கறே. ஒரே வீட்டுல ரெண்டு சாமியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பொய் என்ன? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் சொந்தக்காரர்களில் இரண்டு குடும்பம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியது எனக்கு நினைவிருந்தது. நொய்யல் ஆறு கெட்டது எவ்வளவு நிஜமோ அவர்கள் பசித்ததும் அவ்வளவு நிஜம். ஆனால் அதற்கப்புறம் என்ன நடந்தது? கழிவுத் தண்ணீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல், சுத்தம் செய்து, தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்ளும் நிலையங்களோடு பட்டறைகள் திறந்தன. செலவு அதிகம்தான்; சின்னப் பட்டறைக்காரர் தனியாகத் தாங்க முடியாது, பலர் சேர்ந்து பொதுவில் வைத்தால்தான் முடியும். ஆனால் முடியாத காரியம் இல்லை.

நம் சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளையே பாருங்களேன். முன்பெல்லாம் பஸ்ஸில் போகும்போதே மூக்கைப் பிடிக்க வேண்டும். அந்தக் கழிவுத் தண்ணீரை மூடின தொட்டியில் விட்டு எரிவாயு எடுத்து, அதிலேயே ஆலைக்கு மின்சாரம் எடுக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். நாற்றமும் குறைந்தது, கரண்டு பில்லும் குறைந்தது.

வெளிநாட்டிலும் இப்படித்தான். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் 1986 நவம்பர் 1-ஆம் தேதி ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. அணைக்க அடித்த தண்ணீரோடு மருந்துகள் ரைன் நதியில் இறங்கின. அங்கேயும் ஆறு சிவப்பாக ஓடியது. லட்சத்துக்கும் மேல் விலாங்கு மீன்கள் செத்தன. ரைன் கரை நாடுகள் கூடிப் பேசி, 2000-ஆம் வருஷத்துக்குள் சால்மன் மீன் திரும்ப வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். கெடுவுக்கு முன்பே சால்மன் திரும்பியது. அதற்காக அவர்கள் எல்லா ஆலையையும் மூடிவிடவில்லை.

இதையெல்லாம் ஒரு ராத்திரி இவரிடம் சொன்னேன். சண்டையாகச் சொல்லவில்லை. "மதகு தூக்காத பட்டறை எங்கேயும் இல்லையாங்க?" என்று மட்டும் கேட்டேன். அந்தச் செத்த மீன் நாளுக்குப் பிறகு அவர் மனசிலும் அதே கேள்வி இருந்திருக்க வேண்டும். பட்டறைகள் திறந்தபோது பழைய இடத்துக்கு இரண்டு மாசம் போனார், அதற்கப்புறம் நின்றுவிட்டார். சுத்திகரிப்பு நிலையத்தோடு இருக்கும் ஒரு பெரிய பட்டறையில் இப்போது வேலை. பஸ்ஸில் ஒரு மணி நேரம். முதல் வருஷம் சம்பளம் குறைவு; தோடு திரும்பி வர இரண்டு வருஷம் பிடித்தது. நான் வருத்தப்படவில்லை என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாசமும் வருத்தப்பட்டேன்.

ஆறு முழுக்கக் குணமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் சில விடியற்காலைகளில் சாக்கடை வாயில் நிறம் வரத்தான் செய்கிறது. அப்போது கெண்டைகள் விலகிப் போகின்றன. ஆனால் 2020-ல் நான் கண்ணால் பார்த்துவிட்டேனே! கையை எடுத்தால் ஆறு மாசத்தில் அவள் தேறிக்கொள்கிறாள். "ஆறு செத்துப் போச்சு, இனி என்ன" என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

நாம் செய்யக் கூடியது

பெரிய காரியங்கள் பெரியவர்கள் செய்யட்டும். நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

மிதந்த மீன், கொள்ளை மலிவாக வருகிற மீன் வாங்காதீர்கள். எந்த ஆறு, எந்தக் குளம் என்று கேட்டு வாங்குங்கள். கண் தெளிந்து, செவுள் சிவந்து, தொட்டால் கெட்டியாக இருப்பது புது மீன். ஆனால் அது புது மீன் என்பதற்குத்தான் அடையாளம். விஷம் இல்லை என்பதற்கு அல்ல. கழிவில் வரும் சில உலோகங்கள் மீன் உடம்பில் சேரும். எவ்வளவு வேக வைத்தாலும் போகாது. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் சாக்கடை கலக்கும் இடத்து மீனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆற்றில் பழைய துணி, படம், பிளாஸ்டிக் பையோடு பூ போடுவதை விட்டுவிடுவோம். தண்ணீர் நிறம் மாறினால், மீன் மிதந்தால், நாலு பெண்களாகச் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் தேதி, நேரம், இடம் போட்டு எழுதிக் கொடுங்கள். ஒருத்தியாகப் போனால் பேச்சு; நாலு பேராகப் போனால் மனு.

போன ஆடிப் பெருக்குக்கு என் மகளோடு ஆற்றுக்குப் போனேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். காதோலைக் கருகமணி விட்டுவிட்டுத் தண்ணீரில் காலை வைத்து நின்றோம். திடீரென்று காலை உதறிக்கொண்டு சிரித்தாள். "அம்மா, கடிக்குது!"

சாயங்காலம் அவர் வந்து சைக்கிளை நிறுத்தினார். பழைய ஞாபகத்தில் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். நகத்தில் நீலம்தான்.

"அப்பா, இது எங்கே போகுது?"

"தொட்டிக்குத்தான் கண்ணு. தொட்டியிலேயே நிக்குது" என்றார் அவர்.

அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் அயிரைக் குழம்பு. அது எந்தத் தண்ணீர் மீன் என்று கேட்டுத்தான் வாங்கினேன்.